முப்பத்தோராம் நாள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் உடுப்பு உண்டு, நர்ஸ் சம்பளம் உண்டு; ஊசி போடுகிற வேலைதான் கிடையாது. பேசுவதுதான் அவள் வேலை. சிறுநீரகப் பிரிவின் கோடியில், அழுக்குத் துணி போடுகிற அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே, நாலு நாற்காலியும் ஒரு மேசையும் போட்ட சின்ன அறை. வீட்டுக்குப் போகப்போகிற நோயாளியையும் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் அங்கே உட்காரவைத்து, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எதைத் தின்னலாம், எது வந்தால் ஓடி வரவேண்டும் என்று புரியும்வரை சொல்லித்தருவாள். டாக்டர் ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டுப் போகிறதை இவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கிக் கையில் கொடுப்பாள். அதனால் அவள் எல்லோருக்கும் டீச்சரம்மா. நோயாளிகள் வாய்நிறைய சிஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் டீச்சரம்மா என்பார்கள்.

நல்ல டீச்சர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். 'புரிஞ்சுதா' என்று அவள் கேட்கவே மாட்டாள். அப்படிக் கேட்டால் எவனும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். 'எனக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னு வச்சுக்குங்க, இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க' என்பாள். தப்பாகச் சொன்னால் கோபப்படமாட்டாள். ஐந்தாம் தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லுவாள். இப்படிப் பொறுமை உள்ளவர்கள் ஆயிரத்தில் ஒருத்தர்.

அந்த வருடம்தான் மேல்மாடி நிர்வாகத்துக்கு 'நோயாளி திருப்தி' என்று ஒரு பைத்தியம் பிடித்தது. புதிதாக வந்த மேனேஜர் வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதத்தைத் திணித்தார். அதில் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம்வரை ஐந்து முகம். எதில் டிக் போடுகிறார்களோ அதுதான் திருப்தியாம். வார்டில் அவருக்குச் சிரிப்பு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். வைத்த பெயரைக் கேட்டிருந்தால் அழுதிருப்பார், அது வேறு.

காகிதத்தோடு விட்டாரா? வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். யார் யார் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களோ அவர்கள் பெயர், பெயருக்கு நேரே காந்தத்தில் ஒட்டுகிற நட்சத்திரங்கள். வீட்டுக்கு அனுப்பின நோயாளி முப்பது நாளைக்குள் திரும்பி வந்து படுத்தால், சொல்லிக்கொடுத்தவர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஒரு நட்சத்திரம் கழற்றப்படும். முப்பத்தோராம் நாள் வந்தால் கணக்கில் கிடையாது. நோய்க்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளுக்கும் வாய் வரவில்லை.

டீச்சரம்மாவும் முதலில் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்தவள்தான். ஆனால் மாதம் பத்து ஆயிற்று, மற்றவர்களுடையதெல்லாம் போய்ப் போய் வர, இவளுடைய நட்சத்திரம் ஒன்றுகூடக் கழலவில்லை. வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு 'நம்ம சிஸ்டருதான் நெறைய' என்பார்கள். மனுஷ மனசுதானே, அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப்போயிற்று. பிறகு அதை வைத்து ஒரு விளையாட்டுப் பேச்சும் பழகிக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் பலகையைக் காட்டுவாள். 'முப்பது நாளைக்குள்ள இந்தப் பக்கம் தலை காட்டிடாதீங்க, என் நட்சத்திரம் போயிடும்.' அவர்கள் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். பயந்துபோய் வீட்டுக்குப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு போகட்டுமே என்றுதான். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

சாவிக்காரர் அவளிடம் வந்தது அப்படிப்பட்ட நாளில். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது வருடம் சாவி வெட்டினவர். சர்க்கரை நோய் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு பை மருந்து நீரைக் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெறும் பையில் வடித்தெடுக்க வேண்டும். சிறுநீரகம் செய்யவேண்டிய சுத்தத்தை அந்த நீர் செய்துவிடும். ஒரு நாளைக்கு நாலு தடவை, வீட்டிலேயே. பை மாற்றுவது என்று வார்டில் சொல்வார்கள்.

மாற்றப்போகிறது அவர் மனைவி. வீட்டில் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட உடுப்பு தைக்கிறவள். பிள்ளை கிடையாது, அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

"பாத்தீங்களா சிஸ்டர்," என்றார் சாவிக்காரர் முதல் நாளே. "ஊர்ப் பூட்டையெல்லாம் தொறந்தேன். கடைசியில என் வயித்துக்கே ஒரு பூட்டைப் போட்டு, சாவியை இவ கையில குடுத்துட்டீங்க."

"இத்தனை வருஷமா யார் கையில இருந்துச்சாம்?" என்றாள் தையல்காரி, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீச்சரம்மா ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தாள். கதவைச் சாத்து, ஃபேனை நிறுத்து, வாயைக் கட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவு. குழாய் நுனி எதிலும் படக்கூடாது, பட்டால் கிருமி நேராக வயிற்றுக்குள். தையல்காரியின் கை ஊசியில் நூல் கோத்துப் பழகின கை. இரண்டாம் நாளே நடுங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பை மாற்றுகிறதைப் பார்க்கப் பயிற்சி நர்ஸுகளைக் கூட்டிவந்து நிறுத்தினாள் டீச்சரம்மா.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள். வடித்த பையைத் தரையில் ஒரு செய்தித்தாள்மேல் வைத்தாள். பைக்குள் இருந்த மஞ்சள் நீர் வழியே எழுத்து தெளிவாகத் தெரிந்தது. தையல்காரி ஒரு வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"இப்படித் தெரிஞ்சா கவலையே இல்லை. எழுத்து மங்குச்சுன்னா உள்ள கிருமி பூந்துடுச்சுன்னு அர்த்தம். வலி பின்னாடிதான் வரும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்க இல்ல, கலங்கல்தான் மணியோசை. அப்ப நேரம் பாக்காதீங்க, நாள் பாக்காதீங்க. அன்னைக்கே வந்துடணும்."

"அன்னைக்கே வந்துடணும்," என்றாள் தையல்காரி.

மறுநாள் கிளம்பினார்கள். வார்டு வாசலில் தையல்காரி டீச்சரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்னபோது பாதி உயிர் போய்விட்டது, நீங்கள்தான் திருப்பிக் கொடுத்தீர்கள், கூடப் பிறந்தவள்கூட இப்படிச் சொல்லித்தரமாட்டாள் என்று அழுதாள். அழுகிறவளைச் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே வழியை டீச்சரம்மா எடுத்தாள். பலகையைக் காட்டினாள். முப்பது நாளைக்குள் தலை காட்டிடாதீங்க என்றாள்.

சாவிக்காரர் பலகையைத் தலைதூக்கிப் பார்த்தார். "அட, இவ்வளவா? பயப்படாதீங்க சிஸ்டர். இனிமே உங்க நட்சத்திரத்துக்கு நான் காவல்."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

இருபதாம் நாள் பரிசோதனைக்கு வந்தார்கள். படுக்கைக்கு வந்தால்தான் கணக்கு, பரிசோதனைக்கு வந்தால் இல்லை. எல்லாம் சுத்தம். அன்றைக்கு டீச்சரம்மாவின் அறையில் ஒரு பெயின்டரும் அவன் மனைவியும் இருந்தார்கள். பெயின்டருக்கும் அதே குழாய், அதே பை. மனைவி இருபத்தைந்து வயசுப் பெண், குழாயைத் தொட்டாலே கை வெடவெடக்கும். தையல்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்த அக்கா வீடு உங்க தெருவுக்கு அடுத்த தெருதான். சந்தேகம் வந்தா கேட்டுக்கோ. என்னைவிட நல்லா சொல்லுவாங்க," என்றாள் டீச்சரம்மா. ஒரு நோயாளி வீடு இன்னொரு நோயாளி வீட்டுக்குத் துணை. நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள். தையல்காரிக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஐந்து நாள் கழித்துப் பெயின்டரும் வீட்டுக்குப் போனான்.

முப்பத்தோராம் நாள் காலையில் அவசரப் பிரிவிலிருந்து டீச்சரம்மாவுக்கு ஆள் வந்தது. சாவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. டாக்டர் வயிற்றில் விரல் வைத்தபோது அது பலகை மாதிரி விறைத்து நின்றது. ரத்த அழுத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. வடித்த பை ஸ்டாண்டுக்குக் கீழே கிடந்தது. சோற்றுக் கஞ்சி மாதிரி வெள்ளையாக இருந்தது. அதற்கு அடியில் செய்தித்தாள் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"இது இன்னைக்கு வந்ததில்லை சிஸ்டர்," என்றார் டாக்டர். "ரத்தம் முழுக்கக் கிருமி ஏறிடுச்சு. எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேளுங்க."

தையல்காரி வெளியே குடிதண்ணீர் குழாய் பக்கம் நின்றிருந்தாள். களைத்திருந்தாளே தவிர, பயந்தவள் மாதிரி இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று, இனி இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிற தெம்பு. டீச்சரம்மாவைக் கண்டதும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னைக்கு முப்பத்தொண்ணு. நல்லா எண்ணிட்டுத்தான் வந்தோம். கணக்குல வராது இல்ல?"

டீச்சரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பேர்ந்து கலங்கலா இருந்துச்சும்மா?"

"இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம். லேசாத்தான். எழுத்து மங்கிடுச்சு. எனக்கு அப்பவே திக்குன்னு ஆச்சு, போயிடலாம்னேன். இவர்தான், மூணு நாள்தானே, அந்தம்மா நமக்கு எவ்வளவு பண்ணிச்சு, நம்மால அவங்களுக்குக் கெட்ட பேரு வரணுமான்னார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. வலிக்கு மாத்திரை குடுத்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்துட்டார்." பிறகு, ஏதோ பரிசைக் கையில் கொடுக்கிறவள் மாதிரிச் சொன்னாள்: "உங்க நட்சத்திரத்துக்கு ஒண்ணும் ஆகலை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்த நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவன்தான் கெட்டான். டீச்சரம்மா அந்த இடத்திலேயே 'ஐயோ அம்மா, அது சும்மா சொன்னது' என்று சொல்லியிருக்கலாம். உள்ளே போய் டாக்டரிடம் "மூணு நாள் சார்" என்று மட்டும் சொன்னாள்.

நாலு நாள் இழுத்தது. வயிற்றுக் குழாயை எடுத்தார்கள், ஒன்று மாற்றி ஒன்று மருந்து ஏற்றினார்கள். டீச்சரம்மா வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். இரண்டாம் நாள் சாவிக்காரருக்குக் கொஞ்சம் நினைவு வந்து, இவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நாலாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு வண்டி வார்டில் உருண்டு போகிற நேரத்தில், போய்விட்டார்.

செத்தவர்களைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடக்கும். டாக்டர் எழுந்து, கிருமித்தொற்று, மூன்று நாள் தாமதம், சரியான நேரத்தில் வந்திருந்தால் அனேகமாகக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

"பயிற்சி குடுத்ததுக்கு அந்தம்மா கையெழுத்து இருக்கா?" என்றார் சிரிப்பு மேனேஜர்.

"இருக்கு சார்," என்றாள் டீச்சரம்மா.

"அப்ப தாமதம் அவங்க தரப்பு. நம்ம மேல ஒண்ணும் இல்லை. முப்பது நாளும் தாண்டிடுச்சு." அவர் தாளைத் திருப்பினார். "ஏன் தாமதம் பண்ணாங்கன்னு ஏதாவது சொன்னாங்களா சிஸ்டர்?"

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இல்ல சார்," என்றாள்.

வெளியே வந்தால் தையல்காரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், காகிதங்களை வாங்கிப்போக வந்தவள். எழுந்து வந்தாள். கண் வீங்கி முகம் சின்னதாகப் போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். மத்தவங்க ஏதேதோ சொல்றாங்க. நீங்க சொன்னா நம்புவேன். கலங்கின அன்னைக்கே நான் கூட்டிட்டு வந்திருந்தா, இருந்திருப்பாரா?"

எதையும் புரிகிற மாதிரிச் சொல்லிக்கொடுக்கிறவள், உண்மையைப் பூசி மெழுகாதவள் என்று பெயர் வாங்கினவள், அந்த முகத்தைப் பார்த்தாள். இவள் ஆமாம் என்றால் அந்தப் பெண் மிச்ச வாழ்க்கையை எப்படி வாழுவாள்? ஆமாம் என்றால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்தது. இரக்கம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவளையே கேட்டாலும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டாள்.

"இல்லம்மா. ரெண்டு மூணு நாள்ல ஒண்ணும் மாறியிருக்காது. அவர் உடம்பு அவ்வளவுதான்."

தையல்காரி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "என் வயித்துல பாலை வாத்தீங்க," என்றாள்.

பதினாறு நாள் கழித்து ஆஸ்பத்திரி வேன் சாவிக்காரர் வீட்டு வாசலில் நின்றது. பிரிக்காத மருந்துநீர்ப் பெட்டிகள் மிச்சம் இருந்தால் ஆஸ்பத்திரி திருப்பி எடுத்துக்கொள்ளும். டிரைவர் மட்டும் போனால் போதும். டீச்சரம்மாதான் நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். பதினாறு நாளாக அவளுக்குத் தூக்கமில்லை. ஒருதரம் பார்த்துவிட்டு வந்தால் மனசு ஆறும் என்று ஒரு நினைப்பு.

ஒரே அறை வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின், மேலே பாதி தைத்த நீலச் சட்டை. சுவரில் பை தொங்கவிட்ட கொக்கி அப்படியே இருந்தது. பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி, மேலே துணி போட்டு மூடிவைத்திருந்தாள். டிரைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போனார். தையல்காரி தண்ணீர் கொடுத்தாள். எப்படி இருக்கீங்க என்றதற்கு, இருக்கேன் என்றாள்.

"நீங்க அன்னைக்கு அப்படிச் சொல்லலைன்னா நான் இருந்திருக்க மாட்டேன் சிஸ்டர். ராத்திரி கண்ணை மூடினா அதைத்தான் சொல்லிக்குவேன். சீக்கிரம் வந்திருந்தாலும் இதேதான்னு."

டீச்சரம்மா தண்ணீரைக் குடித்தாள்.

அப்போதுதான் பெயின்டர் மனைவி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே டீச்சரம்மாவைக் கண்டதும் முகம் மாறிப்போய், துணிப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வா, வா," என்றாள் தையல்காரி. "சிஸ்டர் நம்மவங்கதான். கொண்டாந்தியா, காட்டு."

அவள் தயங்கித் தயங்கி எடுத்தாள். வடித்த பை. தையல்காரி தரையில் செய்தித்தாளை விரித்தாள், பழகின கையால் பையை அதன்மேல் வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"எப்பேர்ந்து?" என்றாள் டீச்சரம்மா.

"நேத்துக் காலையிலேர்ந்து சிஸ்டர். முந்தாநாள்கூட லேசா..." பெண் தையல்காரியைப் பார்த்தாள். "அக்காகிட்ட நேத்தே சொன்னேன்."

"நான்தான் பொறுக்கச் சொன்னேன்," என்றாள் தையல்காரி. குரலில் ஒரு ஒளிவு மறைவும் இல்லை. "இன்னைக்கு இருபத்தாறு. இன்னும் அஞ்சு நாள்தான். காய்ச்சல்கூட இல்லை. ரெண்டு மூணு நாள்ல ஒண்ணும் மாறாதுன்னு சிஸ்டரே என்கிட்ட சொன்னாங்க, எதுக்கு அவங்க பேரைக் கெடுக்கணும்னு சொன்னேன்."

டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தவர்களிலேயே கெட்டிக்கார மாணவி, இவள் சொன்ன பொய்யையும் ஒரு எழுத்து பிசகாமல் படித்து வைத்திருந்தாள். அதை அடுத்தவளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

"வாசல்ல வேன் நிக்குது. உன் வீட்டுக்காரரை இப்பவே ஏத்து. இப்பவே."

"அவர் வரமாட்டார் சிஸ்டர். வேலைக்குக் கிளம்பிட்டிருக்கார். அக்காவே ஒண்ணும் ஆகாதுன்னுட்டாங்க, நீ எதுக்குக் குதிக்கறேன்னு என்னைத் திட்டறார்."

"ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரிம்மா," என்றாள் டீச்சரம்மா. அப்போதும் பாருங்கள், அந்தப் பொய்யை உடைக்காமல் ஓரமாகத் தாண்டிப் போகத்தான் பார்த்தாள். "அவருக்கு வயசானது, சர்க்கரை வேற. இவரு சின்ன வயசு. இவருக்கு உடனே பாத்தா..."

"சின்ன வயசுன்னா இன்னும் நல்லாத்தானே தாங்கும்?" தையல்காரி கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கே மூணு நாள்ல ஒண்ணும் மாறாதுன்னா, இவருக்கு மட்டும் ஏன் சிஸ்டர் இவ்வளவு அவசரம்?"

பெயின்டர் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் சொல்வதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் ஒருவன் வயிற்றில் கிருமியோடு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நான் பொய் சொன்னேன்மா," என்றாள் டீச்சரம்மா.

தையல்காரி பக்கம் திரும்பினாள்.

"மூணு நாள்ல எல்லாம் மாறும். அன்னைக்கே வந்தா மருந்து ஏத்திச் சரி பண்ணிடலாம். மூணு நாள் விட்டா ரத்தத்துல ஏறிடும். அவர் போனது அதனாலதான். உங்க முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல முடியலை. பயமும் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

தையல்காரியின் கண் செய்தித்தாள்மேல் இருந்த பையிலேயே இருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, தெளிவான குரலில் சொன்னாள்: "போடி. ஓடு. அக்கா தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. வரலைன்னா செத்துப்போயிடுவீங்கன்னு சொல்லு. எங்க வீட்டுக்காரர் செத்துப்போனாரேன்னு சொல்லு."

பெண் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். டிரைவரும் பின்னாலேயே போனார். டீச்சரம்மா போனை எடுத்து வார்டுக்குப் பேசினாள், படுக்கை ஒன்று தயாராக இருக்கட்டும் என்றாள். எத்தனாம் நாள் சிஸ்டர் என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள். இருபத்தாறு என்றாள், வைத்துவிட்டாள்.

தையல்காரி மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, தப்பு உங்க மேல இல்லை. என் மேலதான். அந்த நட்சத்திரப் பேச்சு... அது நான் எல்லார்கிட்டயும் விளையாட்டுக்குச் சொல்றது."

"விளையாட்டுக்கா?"

"ஆமாம்மா."

"அந்த நட்சத்திரம் போயிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதா?"

டீச்சரம்மாவுக்கு இந்த ஒரு தடவையாவது பொய் சொல்லக்கூடாது என்று இருந்தது. "ஒண்ணும் ஆகியிருக்காது," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

தையல்காரி அழவில்லை. பாதி தைத்த நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. பெயின்டர் வேண்டாம் வேண்டாம் என்கிறதும், அவன் மனைவி அழுதுகொண்டே இழுக்கிறதும், வேன் கதவு சாத்துகிறதும் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"போங்க," என்றாள் தையல்காரி.

டீச்சரம்மா வாசல்படியில் காலை வைத்தபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. டீச்சரம்மாவிடம் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை.

"அந்த மூணு நாளும், வலியில கண்ணைத் தொறக்கும்போதெல்லாம் இன்னைக்கு எத்தனைன்னு கேப்பார். நான்தான் எண்ணிச் சொல்லுவேன். முப்பதுன்னு சொன்னப்ப சிரிச்சார். ஜெயிச்சிட்டோம், காலையில போயிடலாம்னார்."